விலையோலையில் உழைப்பவர்: நாஞ்சில் நாட்டு உழைப்பு வரலாற்றுக்கான ஆவணத் தொகுப்புகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாஞ்சில் நாட்டின் உழைப்பு வரலாற்றை எழுத முனைவோர்க்கு இன்று மூன்று பெரும் ஆவணத் தொகுப்புகள் கிடைக்கின்றன: நிலவுடைமைக் குடும்பத்தின் ஓலைகள், திருவிதாங்கூர் அரசின் பதிவுகள், லண்டன் மிஷன் சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும். இவற்றுள் எதையும் உழைத்தவர் உருவாக்கவில்லை. சொத்து, வரி, சமயமாற்றம் ஆகிய தேவைகளுக்காக எழுதப்பட்ட இத்தொகுப்புகள் இன்றளவும் அவற்றை உருவாக்கியவர்களின் பெயராலேயே வகைப்படுத்தப்பட்டு வாசிக்கப்படுகின்றன. இதனால் இரு பிழையான முடிவுகள் ஆய்வில் நிலைபெற்றுள்ளன. ஒன்று, அடிமைமுறையை ஏனைய சமூக நிறுவனங்களிலிருந்து தனித்ததொரு பொருளாகக் கருதுவது. மற்றொன்று, அடிமை ஓலை எழுதும் வழக்கம் மறைந்ததைக் கட்டுண்ட உழைப்பின் மறைவாகக் கொள்வது. இவ்விரு முடிவுகளையும் மறுபரிசீலனை செய்து, விற்கப்பட்டவரை முதன்மைப்படுத்தும் இரண்டாம் அட்டவணை ஒன்றின் தேவையை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: நாஞ்சில் நாடு, முதலியார் ஓலைகள், அடிமை ஆவணம், ஆவணக் காப்பகம், உழைப்பு வரலாறு, அட்டவணையாக்கம்.

முன்னுரை

உழைப்பு வரலாற்றுக்கான காப்பகம் என்றவுடன் தொழிற்சங்கத் தீர்மானங்கள், வேலைநிறுத்தத் துண்டறிக்கைகள், தொழிலாளர் இதழ்கள் ஆகியனவே நினைவுக்கு வருகின்றன. 1935ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நிறுவப்பட்ட பன்னாட்டுச் சமூக வரலாற்று நிறுவனம் தொழிலாளர் இயக்கங்களின் ஆவணங்களைப் பாசிச ஆட்சிகளிடமிருந்து காக்கும் நோக்கத்தோடு வளர்ந்தது. இந்தியாவில் வி. வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனமும் இந்தியத் தொழிலாளர் வரலாற்றாய்வாளர் சங்கமும் இணைந்து 1998இல் நொய்டாவில் இந்தியத் தொழிலாளர் ஆவணக் காப்பகத்தை உருவாக்கின. இவ்விரண்டின் பணியும் மதிப்பிடற்கரியது. ஆயினும் இவற்றின் அமைப்புக்கு அடிப்படையாக ஓர் எடுகோள் உள்ளது. உழைப்பவர் ஓர் அமைப்பாகத் திரண்டு, தம்மைப் பற்றித் தாமே எழுதியிருப்பர் என்பதே அது.

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களில் பல நூற்றாண்டுகளாகக் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவித்தோர்க்கு இந்த எடுகோள் பொருந்தாது. அவர்கள் சங்கம் அமைத்திலர், ஏடு எழுதிலர். அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் அவர்களை உடைமையாகக் கொண்டிருந்தோரின் பெட்டிகளிலேயே உள்ளன. எனவே இப்பகுதியின் உழைப்பு வரலாற்றுக் காப்பகம் பிறருடைய காப்பகங்களுக்குள்ளிருந்து கட்டியெழுப்பப்பட வேண்டிய ஒன்றாகிறது. அப்பணியில் இதுவரை நிகழ்ந்தது என்ன, எஞ்சியிருப்பது என்ன என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. முதலியார் ஓலைகள்: மீட்பும் வாசிப்பும்

அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பம் வேணாட்டு, திருவிதாங்கூர் மன்னர்களின் கீழ் நாஞ்சில் நாட்டின் நிர்வாகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அக்குடும்பத்திடம் இருந்த ஓலைகளின் வரலாற்று மதிப்பை முதலில் உணர்ந்து படியெடுத்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954). கவிஞராக மட்டுமே பரவலாக அறியப்படும் அவருடைய ஆய்வுமுகத்துக்கு இப்பணி சான்றாகும். பின்னர் இவ்வாவணங்களைப் பதிப்பித்து, விரிவான விளக்கங்களோடு தமிழ் ஆய்வுலகின் பார்வைக்குக் கொணர்ந்தவர் அ. கா. பெருமாள். 'முதலியார் ஓலைகள்', 'அடிமை ஆவணங்கள்' ஆகிய அவருடைய நூல்கள் இல்லையெனில் இத்துறையில் இன்றைய விவாதமே சாத்தியமாகியிராது. தமிழகம் முழுமைக்குமான பின்னணியை எஸ். மாணிக்கத்தின் ஆங்கில நூலும் (1982) ஆ. சிவசுப்பிரமணியனின் 'தமிழகத்தில் அடிமை முறை'யும் வழங்கியுள்ளன.

இம்முன்னோடிகளின் உழைப்பை ஏற்றுக்கொண்டே, அவர்கள் வெளிக்கொணர்ந்த ஆவணங்களை அடுத்த தலைமுறை எவ்வாறு வாசிக்கிறது என்ற வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. பிற்கால ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் இவ்வோலைகள் பெரும்பாலும் நிர்வாகம், வரி, நீர்ப்பாசனம், கோயில், அடிமைமுறை எனப் பொருள்வாரியாகப் பிரித்து எடுத்தாளப்படுகின்றன. வாசிப்பு வசதி கருதிய இப்பகுப்பு ஒரு விளைவை உண்டாக்குகிறது. 'அடிமைமுறை' என்ற தலைப்பின்கீழ் வரும் ஓலைகளில் மட்டுமே உழைப்பவர் காணப்படுகிறார். பிற தலைப்புகளில் அவர் மறைந்துவிடுகிறார். குளம் தூர்வாரியது யார், கோயிலுக்குரிய நிலத்தை உழுதது யார், வரியாகச் செலுத்தப்பட்ட நெல்லை அறுத்துக் களம் சேர்த்தது யார் ஆகிய வினாக்கள் அத்தலைப்புகளின்கீழ் எழுவதேயில்லை.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நாட்டார் கூட்டம் பற்றிய ஆய்வுகளாகும். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நாஞ்சில் நாட்டார் ஒன்றுகூடி அரசின் வரிக்கொடுமையை எதிர்த்த நிகழ்வுகள், மக்களாட்சிப் பண்பின் தொன்மைச் சான்றுகளாகப் பலராலும் போற்றப்படுகின்றன. அவ்வெதிர்ப்பு மெய்யானதே. எனினும் அக்கூட்டங்களில் பேசிய 'நாட்டார்' நிலமுடையோர். விலையோலைகளில் விற்போராகவும் வாங்குவோராகவும் சாட்சிகளாகவும் இடம்பெற்றோரும் அந்த நிலமுடைய வகுப்பினரே. நாட்டார் கூட்ட ஆவணத்தையும் அடிமை விலையோலையையும் வெவ்வேறு இயல்களில் வைத்து வாசிக்கும்போது ஒன்று பெருமிதமாகவும் மற்றொன்று வருத்தத்துக்குரிய புறநடையாகவும் தோன்றுகின்றன. ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்ற உண்மையை மனத்திற்கொண்டு அருகருகே வைத்து வாசித்தால், அரசுக்கு எதிராக உரிமை கோரிய ஒரு வகுப்பின் பொருளாதார அடித்தளம் புலப்படும்.

2. விலையோலையின் இலக்கணம்

விலையோலை என்பது ஓர் ஆவண வடிவம். கொல்லம் ஆண்டு, திங்கள், நாள், விற்பவர் பெயரும் ஊரும், வாங்குபவர் பெயரும் ஊரும், விற்கப்படும் பொருள், இசைந்த விலை, விலை பெற்றமைக்கான ஒப்புதல், சாட்சிகள், எழுதியவர் என அதன் உறுப்புகள் வரிசைப்படும். நிலத்துக்கு எழுதப்படும் விலையோலைக்கும் மனிதருக்கு எழுதப்படும் விலையோலைக்கும் இவ்வடிவில் அடிப்படை வேறுபாடில்லை. நிலத்தின் நான்கெல்லை வரவேண்டிய இடத்தில் ஆளின் பெயரும் சாதியும் வருகின்றன.

இவ்வடிவ ஒற்றுமையே நமக்கான முதற்சான்று. விற்கப்படுபவர் வாக்கியத்தின் செயப்படுபொருளாகவே நிற்கிறார். எழுவாயாக எங்கும் வருவதில்லை. அவருடைய வயது, உறவு, உடல்நலம் ஆகியவை விலையைத் தீர்மானிக்கத் தேவைப்பட்ட அளவுக்கே குறிக்கப்படும். ஆகவே ஓலையின் மௌனத்தை எழுத்தரின் கவனக்குறைவாகக் கருத இயலாது. அது அவ்வடிவத்தின் இயல்பிலேயே உள்ளது. எய்ட்டி நாட்டு வரலாற்றறிஞர் மிஷல்-ரோல்ஃப் ட்ரூயோ 1995இல் வெளிவந்த தம் நூலில், சான்றுகள் உருவாகும்போதும், அவை காப்பகத்தில் சேரும்போதும், கதையாடலாக மீட்கப்படும்போதும், வரலாறாகப் பொருள்கொள்ளப்படும்போதும் மௌனங்கள் புகுகின்றன என்று விளக்கினார். நாஞ்சில் நாட்டு ஓலைகளில் முதல் மௌனத்தை நம்மால் நீக்க இயலாது. அடுத்த மூன்றும் காப்பாளர், பதிப்பாளர், ஆய்வாளர் ஆகியோரின் பொறுப்பில் உள்ளவை.

சொற்களும் கவனத்துக்குரியன. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'வெள்ளாட்டி' என்ற சொல்லும், விற்கப்பட்டோருள் வேளாளரும் இருந்தமை குறித்து அ. கா. பெருமாள் சுட்டிய செய்தியும் அடிமைநிலையைச் சில சாதிகளோடு மட்டும் பொருத்திப் பார்க்கும் எளிய முடிவைத் தடுக்கின்றன. எனினும் இதனைக் கொண்டு 'அடிமைமுறைக்குச் சாதியில்லை' என வாதிடுவதும் பொருந்தாது. 1812ஆம் ஆண்டு அரசி கௌரி லட்சுமிபாயின் ஆணை அடிமை வணிகத்தைத் தடைசெய்தபோது, வேளாண்மைக்காக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த பறையர், பள்ளர், குறவர் முதலிய சாதியினரை அத்தடையின் பயனிலிருந்து விலக்கியது. வீட்டு அடிமைத்தனத்தைக் கைவிட அரசால் முடிந்தது. வயலடிமைத்தனம் நெல் வருவாயோடு பிணைந்திருந்தமையால் அது தொடர்ந்தது.

3. அரசும் மிஷனும்: எண்ணிக்கையும் ஆன்மாவும்

ஓலைப்பெட்டிக்கு அப்பால், அரசின் பதிவுகளில் உழைப்பவர் எண்ணிக்கையாக இடம்பெறுகிறார். 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு திருவிதாங்கூரின் மக்கள்தொகையை 12,80,668 என்றும் அவர்களுள் அடிமைகள் 1,64,864 பேர் என்றும் பதிவு செய்தது. ஏறத்தாழ எட்டில் ஒருவர் அடிமை என்பது இதன் பொருள். இத்தகைய பதிவில் தனிமனிதர் பெயர் இல்லை. தொகை மட்டுமே உண்டு. விலையோலையிலோ பெயர் உண்டு, தொகை இல்லை. இவ்விரண்டையும் இணைத்து வாசிக்கும் முறையியல் நம் ஆய்வுகளில் இன்னும் போதிய வளர்ச்சி பெறவில்லை.

லண்டன் மிஷன் சங்கத்தின் பதிவுகள் மூன்றாவது பார்வையைத் தருகின்றன. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கி, நாகர்கோவிலை மையமாகக் கொண்டு செயல்பட்ட மீட், மால்ட் முதலியோரின் கடிதங்களும் அறிக்கைகளும் இங்குள்ள உழைப்பாளரின் அன்றாட வாழ்வை விரிவாக விவரிக்கின்றன. மார்த்தா மால்ட் அறிமுகப்படுத்திய லேஸ் பின்னல் தொழிலின்வழிக் கிடைத்த ஊதியத்தைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கியதாக மிஷன் எழுத்துகள் கூறுகின்றன. 1847இல் மிஷனரிகள் அடிமை ஒழிப்பை வேண்டி மன்னருக்கு விண்ணப்பம் அளித்தனர். சாமுவேல் மெட்டீரின் நூல்கள் (1871, 1883) இவ்வகைச் செய்திகளின் களஞ்சியமாகவே பயன்பட்டு வருகின்றன.

ஆயினும் இவ்வெழுத்துகள் இங்கிலாந்திலிருந்த நன்கொடையாளரை நோக்கி எழுதப்பட்டவை. மதம் மாறியவரின் துயரும் மீட்சியும் அவற்றில் இடம்பெறும் அளவுக்கு, மாறாதவரின் உழைப்பு இடம்பெறவில்லை. ஓலை உழைப்பவரை உடைமையாகவும், அரசு தொகையாகவும், மிஷன் மீட்கப்பட வேண்டிய ஆன்மாவாகவும் கண்டன. இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. ஒன்றை 'உண்மை'யாகவும் மற்றதை 'சார்பு'டையதாகவும் கொள்வது முறையியல் நோக்கில் ஏற்புடையதாகாது.

4. 1855: ஆவணத்தின் முடிவும் உறவின் தொடர்ச்சியும்

1853ஆம் ஆண்டுப் பிரகடனம் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை விடுவித்தது. 1855 ஜூன் 24ஆம் நாள் வெளியான பிரகடனம் அடிமைநிலையைச் சட்டப்படி ஒழித்தது. அடிமைமுறை பற்றிய கட்டுரைகள் பலவும் இந்நாளோடு நிறைவடைகின்றன. ஆவணங்களின் தன்மையே இம்முடிவைத் தூண்டுகிறது. மனிதரை விற்கும் ஓலை நீதிமன்றத்தில் செல்லாது என்ற நிலை வந்தபின் அவ்வோலையை எழுதுவோர் இலர். ஓலை இல்லாத இடத்தில் வரலாற்றாய்வாளரும் நிற்பதில்லை.

இங்கேதான் காப்பகத்தின் வடிவம் வரலாற்றின் வடிவமாக மயங்குகிறது. 1855இல் முடிவுற்றது விலையோலை என்னும் ஆவணவகை. நிலமற்ற உழைப்பாளர் நிலமுடையவரின் மனையில் குடியிருந்ததும், முன்பணத்துக்குக் கட்டுண்டதும், கூலியை நெல்லாகப் பெற்றதும் அந்த ஆவணத்தைச் சார்ந்து நின்றவை அல்ல. அவை வாய்மொழி ஒப்பந்தங்களாக அமைந்தன. ஆகவே எழுத்துச் சான்று விடவில்லை. தென் பீகாரின் கமியா உழைப்பாளரை ஆராய்ந்த ஞான் பிரகாஷ் (1990), காலனியச் சட்டம் அடிமைநிலையை ஒழித்தபோது பழைய சார்புறவு கடன் உறவாக மறுவரையறை பெற்றதைக் காட்டினார். அவர் கண்ட முடிவை அப்படியே நாஞ்சில் நாட்டுக்குப் பொருத்துவது தகாது. ஆனால் அவர் எழுப்பிய வினாவை நாம் எழுப்பியாக வேண்டும்.

நாஞ்சில் நாட்டு வேளாண் மாற்றம் குறித்த மிக முக்கியமான பொருளியல் வரலாற்று நூலை எம். எஸ். எஸ். பாண்டியன் 1990இல் வெளியிட்டார். அது எடுத்துக்கொண்ட காலம் 1880 முதல் 1939 வரை. அடிமை ஆவண ஆய்வுகள் 1855இல் முடிகின்றன. வேளாண் பொருளியல் ஆய்வு 1880இல் தொடங்குகிறது. இடைப்பட்ட 25 ஆண்டுகள் இரண்டுக்கும் நடுவே கைவிடப்பட்ட கரம்பாகக் கிடக்கின்றன. அடிமையாக இருந்தவர் பண்ணையாளாகவும் கூலியாளாகவும் தோட்டத் தொழிலாளியாகவும் மாறிய தலைமுறை அந்த 25 ஆண்டுகளில் வாழ்ந்தது. நிலப்பதிவுகள், குற்றவியல் வழக்குகள், மிஷன் ஆண்டறிக்கைகள் ஆகியவற்றை ஒருங்கே கொண்டு இவ்விடைவெளியை ஆராய்வது உடனடித் தேவை.

இதே நோக்கைப் பிற்காலத்துக்கும் நீட்டலாம். 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு நெற்சாகுபடியின் போக்கை மாற்றியது. அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணையருகே உள்ளது. மண் சுமந்து கல் அடுக்கியோரைத் தேடுபவர் பொதுப்பணித்துறைக் கோப்புகளின் செலவுப் பத்திகளுக்குள் தேட வேண்டியுள்ளது.

5. எல்லையும் சிதறலும்

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. நிலம் இணைந்தது, அதன் பழைய அரசுப் பதிவுகளின் பெரும்பகுதி திருவனந்தபுரத்திலேயே தங்கியது. நீட்டுகள், சுருணைகள், மதிலகம் ஓலைகள் ஆகியவற்றைக் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் காண வேண்டும். லண்டன் மிஷன் சங்கத்தின் ஆவணங்கள் 1973இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் வைக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டுக் கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் உருவான நிலவரித்திட்டப் பதிவுகள் தமிழக அரசின் வருவாய்த்துறைக்கு உரியவை. ஓலைகளோ தனியார் குடும்பங்களிலும் பதிப்புகளிலும் படிகளிலும் உள்ளன.

ஆக, ஒரே வயலில் ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்த உழைப்பின் சான்றுகள் மூன்று அரசுகளின் எல்லைக்குள், தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில், வட்டெழுத்தும் மலையாண்மையும் உள்ளிட்ட பல எழுத்துகளில் பரவிக் கிடக்கின்றன. மாநிலப் பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் வரலாற்றுத்துறைகளும் இத்திறன்களை ஒருங்கே பயிற்றுவிப்பதில்லை. இதன் விளைவாக, கிடைத்த ஒரு தொகுப்பைக் கொண்டு முழு வரலாற்றையும் எழுதும் போக்கு வலுப்பெற்றுள்ளது. இதனைத் தனி ஆய்வாளரின் குறையாகக் கருதுவதைவிட, பயிற்சி அமைப்பின் குறையாகக் காண்பதே பொருத்தமாகும்.

6. இரண்டாம் அட்டவணை

ஆவணவியல், ஆவணங்களை உருவாக்கியவரின் தொகுப்பாகவே பேண வேண்டும் என வலியுறுத்துகிறது. சான்றின் நம்பகத்தன்மைக்கு இவ்விதி அவசியம். ஆனால் இவ்விதியின் பக்கவிளைவாக, 'முதலியார் ஓலைகள்', 'மதிலகம் ஓலைகள்', 'லண்டன் மிஷன் ஆவணங்கள்' எனத் தொகுப்புகள் யாவும் உடைமையாளரின் பெயரையே தாங்குகின்றன. அழகியபாண்டிபுரத்து முதலியாரைத் தேடுபவர்க்கு வழி உண்டு. அவர் வாங்கிய ஆளைத் தேடுபவர்க்கு வழியில்லை.

மூல ஒழுங்கைக் கலைக்காமலே இதற்குத் தீர்வு காணலாம். அட்லாண்டிக் அடிமை வணிகம் குறித்த தரவுத்தளத்தோடு தொடர்புடைய பெயர்த்தொகுதி ஒன்று, பறிமுதல் செய்யப்பட்ட அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஏறத்தாழ 91,000 ஆப்பிரிக்கரின் பெயர்களைத் தனித்தனியே தேடத் தருகிறது. அப்பெயர்கள் நீதிமன்ற நடைமுறைக்காகக் குறிக்கப்பட்டவை. பின்வந்த ஆய்வாளர்கள் அவற்றைக் கொண்டு அம்மனிதரின் தாய்நிலத்தையும் மொழியையும் தேட முனைந்தனர். உடைமையாளரின் ஆவணத்திலிருந்தே உழைப்பவரின் அட்டவணையை உருவாக்க இயலும் என்பதற்கு இது சான்று.

நாஞ்சில் நாட்டுக்கு இத்தகைய அட்டவணை மூன்று நிரல்களைக் கொண்டிருத்தல் வேண்டும். முதலாவது ஆள் நிரல்: விற்கப்பட்டவர், ஒற்றி வைக்கப்பட்டவர், விடுவிக்கப்பட்டவர் ஆகியோரின் பெயர், உறவு, ஊர், கொல்லம் ஆண்டு. இரண்டாவது பணி நிரல்: உழவு, நடவு, அறுவடை, காவல், குளப்பணி, ஊழியம் முதலியன குறிக்கப்படும் அனைத்து ஓலைகளும், அவை வரி ஓலையாயினும் கோயில் ஓலையாயினும். மூன்றாவது இட நிரல்: வயல், குளம், ஊர். இட நிரலின்வழியே ஓலையை நிலவரித்திட்டப் பதிவோடும் மிஷன் அறிக்கையோடும் இணைக்க முடியும். தனியார் வீடுகளிலுள்ள ஆவணங்களை உரியவரிடமே விட்டுவைத்து மின்படியெடுக்க இயலும் என்பதையும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்பகத் திட்டத்தின் ஆதரவோடு தமிழக வேளாண் வரலாற்றுக்கென (1650–1950) மேற்கொண்ட பணி மெய்ப்பித்துள்ளது.

இம்முயற்சியில் ஓர் அறச்சிக்கலும் உண்டு. ஊர், சாதி, பெயர் ஆகிய மூன்றும் ஒருசேரப் பொதுவெளிக்கு வரும்போது, அவ்வூரிலேயே வாழும் வழிவந்தோர் இழிவுக்கு உள்ளாகக்கூடும். இதற்கு அஞ்சிப் பெயர்களை மறைப்பது முன்னோரை மீண்டும் பெயரற்றவராக்கும். எதை வெளியிடுவது, எவ்வடிவில் வெளியிடுவது என்பதை வழிவந்த சமூகங்களோடு கலந்து முடிவு செய்தலே தகும். விற்றவர், வாங்கியவர் பெயர்களைப் பெருமையோடு அச்சிட்டு, விற்கப்பட்டவர் பெயரை மட்டும் நாகரிகம் கருதி மறைப்பது எவ்வகையிலும் நடுநிலையாகாது.

எழுத்தாவணத்தின் எல்லையை உணர்த்தும் பிற சான்றுகளையும் இவ்வட்டவணையோடு இணைத்தல் வேண்டும். 1841இல் எழுந்த அகிலத்திரட்டு அம்மானை ஊழியத்தையும் வரிகளையும் அவற்றைச் சுமந்தோர் பக்கம் நின்று பேசுகிறது. அதனைச் சமயநூலாக மட்டுமே வகைப்படுத்தும் நூலக அட்டவணைகள் அதன் உழைப்பு வரலாற்று மதிப்பை மறைத்துவிடுகின்றன. வில்லுப்பாட்டுக் கதைகளுக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

கவிமணி ஓலைகளைப் படியெடுத்ததும் அ. கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்ததும் அழிவிலிருந்து மீட்ட பணிகள். அடுத்த கட்டம் மறுவகைப்படுத்தல். இக்கட்டுரையின் விவாதத்திலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. அடிமை ஓலைகளை நாட்டார் கூட்டம், கோயில், பாசனம் குறித்த ஓலைகளோடு இணைத்தே வாசித்தல் வேண்டும். 1855ஐ ஓர் ஆவணவகையின் முடிவாகக் கொண்டு, 1855 முதல் 1880 வரையிலான காலத்தை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளல் வேண்டும். தமிழகமும் கேரளமும் கூட்டாகப் பொறுப்பேற்று, ஆள், பணி, இடம் ஆகிய நிரல்களைக் கொண்ட இரண்டாம் அட்டவணையை உருவாக்க வேண்டும்.

இவற்றுள் முதல் இரண்டும் தனி ஆய்வாளரால் இயலக்கூடியவை. மூன்றாவது நிறுவனங்களின் கடமை. ஓலைகளின் ஆயுள் வரையறுக்கப்பட்டது. அவற்றைப் படிக்கவல்லோரின் எண்ணிக்கை அதனினும் விரைவாகக் குறைந்து வருகிறது. இப்பணி இத்தலைமுறையில் தொடங்கப்படாவிடின், விலையோலைகளில் ஒருமுறை மட்டும் எழுதப்பட்ட அப்பெயர்களை இனி வருவோர் தேடவும் வழியிராது.